வனக்காவலரின் இருக்கை

தாடிக்கொம்பு,
9 செப்டம்பர் 2024

திரு. ஸ்தனிஸ்லாஸ் அவர்களுக்கு,

பதினாறு வருடமாக உங்களை அத்தான் என்றுதான் கூப்பிட்டு வந்தேன். இந்தக் கடிதத்தில் அந்தச் சொல் வராது.

உங்கள் தம்பியை, என் கணவர் ஆல்வினை, அடக்கம் செய்து இன்றோடு ஒன்பது நாள். ஜாம்பியாவிலிருந்து பெட்டி தனியாக வந்தது. நீங்கள் கூட வரவில்லை. உங்களுக்குப் பதிலாக ஒரு காகிதம் வந்தது. கீழே முகாம் மேலாளர் என்று உங்கள் கையெழுத்து. அதில் உள்ளதைத் தமிழில் சொல்கிறேன்: ‘வாகன மெக்கானிக் ஆல்வின், அறிவுரையை மீறித் தானாகவே ஜீப்பை விட்டு இறங்கி, குண்டடிபட்ட காட்டெருமையைக் கைபேசியில் படம் எடுக்கச் சென்றபோது மாலை 5.42 மணிக்குத் தாக்கப்பட்டு இறந்தார்.’

நான் பதினோரு வருடமாகக் கோர்ட்டில் சாட்சிகளின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்கிறவள். கண்ணால் பார்த்தவர்கள் பொழுது சாயும் நேரம் என்பார்கள், விளக்கு வைக்கும் நேரம் என்பார்கள். 5.42 என்று சொல்கிற ஆளுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருப்பார்கள்.

படம் எடுப்பதென்றால் அவருக்கு ஆகாது. எங்கள் கல்யாண ஆல்பத்தில் பாதிப் படத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார். திரும்பி வந்த போனைப் பார்த்தேன். கடைசியாக எடுத்த படம், இறப்பதற்கு இரண்டு நாள் முந்தையது, உடைந்த டீசல் பம்பின் படம்.

உங்கள் காகிதம் இங்கே என்ன செய்தது தெரியுமா? அடக்கத்துக்கு வந்த கூட்டத்திலேயே, “செல்ஃபி எடுக்கப் போயி குத்துப்பட்டுச் செத்தானாம்ல” என்று ஒருவர் இன்னொருவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. போன வாரம் பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் அதையே உங்கள் தம்பி மகள் ஜெனிட்டாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறான். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. இரண்டு நாளாகப் பள்ளிக்குப் போகவில்லை.

போனில் கேட்டால் சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால் எழுத்தில் கேட்கிறேன், எழுத்தில் பதில் வேண்டும். அன்றைக்கு என்ன நடந்தது?

பிரிஸ்கில்லா


வேட்டை முகாம், ஜாம்பியா,
27 செப்டம்பர் 2024

அன்புள்ள பிரிஸ்கில்லாவுக்கு,

சேசுவுக்கே புகழ். நீ திரு போட்டு எழுதினாலும் நான் உன் புருஷனுக்கு அண்ணன்தான். அது கோர்ட் தீர்ப்பு எழுதி மாறுகிற விஷயம் இல்லை.

சீசன் நடக்கும்போது மேலாளர் முகாமை விட்டு வர முடியாது. வந்திருந்தால் முகாமையே மூடியிருப்பார்கள். என் தம்பியின் பெட்டியை நானே ஆணி அடித்து அனுப்பினேன். அந்தச் சத்தத்தை நீ கேட்கவில்லை.

போனில் நீ இதைக் கொலைத் தொழில் என்றாய். பணக்காரன் வந்து விளையாட்டுக்குச் சுடுகிறான், நீங்கள் தோலை உரிக்கிறீர்கள் என்றாய். நான் திண்டுக்கல் தோல் ஷாப்பில் உப்புப் போட்டுக்கொண்டிருந்தவன். அந்தக் கைப்பக்குவத்துக்காகத்தான் இங்கே கூப்பிட்டார்கள். பன்னிரண்டு வருடத்தில் பார்த்ததைச் சொல்கிறேன், கேள்.

இது கண்டபடி சுடுகிற இடம் இல்லை. ஒரு வருடத்துக்கு எத்தனை எருமை, எத்தனை சிறுத்தை என்று அரசாங்கம் முடிவு செய்கிறது. ஆறு வயதுக்குக் குறைந்த சிங்கத்தைத் தொடக் கூடாது. துப்பாக்கியோடு ஓர் அரசு வனக்காவலர் இருக்கையில் உட்காராமல் எங்கள் ஜீப் முகாம் வாசலைத் தாண்டாது. வருகிறவன் கட்டுகிற கட்டணத்தில் பாதி கிராமச் சபைக்குப் போகிறது. அதில் மக்காச்சோளம் அரைக்கிற மில் ஓடுகிறது, திருட்டு வேட்டையைத் தடுக்கிற ஊர்க்காவல் ஆட்கள் பதினொரு பேருக்குச் சம்பளம் வருகிறது. கறி முழுவதும் ஊருக்குத்தான். சுட்டவன் கொம்பைத்தான் கொண்டுபோகிறான். பத்துப் பன்னிரண்டு வருடம் முன்பு அரசாங்கம் வேட்டையை நிறுத்திப் பார்த்தது. அப்போது ஊர்க்காவலுக்குப் பணம் இல்லை, காடெல்லாம் திருட்டு வேட்டைக்காரர்கள் வைத்த சுருக்குக் கம்பி. நானே கையால் அவிழ்த்திருக்கிறேன்.

குஜிலியம்பாறையில் உன் அப்பா நிலக்கடலையைப் பன்றி கிண்டுகிறது என்று மின்கம்பி வைத்தாரே, அன்றைக்கு உன் நியாயம் எங்கே போனது? மிருகத்தோடு ஒரே வேலிக்குள் இருக்கிறவனுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும்.

ஆல்வின் அவசரப்பட்டுவிட்டான். செத்தவன் மேல் குற்றம் சொல்ல எனக்கு ஆசையா? நடந்தது அதுதான். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பு.

ஸ்தனிஸ்லாஸ்


தாடிக்கொம்பு,
12 அக்டோபர் 2024

திரு. ஸ்தனிஸ்லாஸ் அவர்களுக்கு,

நீண்ட பதிலுக்கு நன்றி. கேட்ட கேள்விக்கு அதில் கடைசி இரண்டு வரிதான் இருந்தது. மற்றதெல்லாம் நான் கேட்காதது. ஆனாலும் கேட்காததில்தான் நீங்கள் மாட்டிக்கொண்டீர்கள்.

தூதரகத்துக்கு எழுதி, அங்கே நடந்த பிரேதப் பரிசோதனையின் நகலை வாங்கினேன். நேற்று வந்தது. உடலில் இருந்த துணிகளை அதில் எழுதியிருக்கிறார்கள். காக்கி அரைக்கால் சட்டை. சாக்ஸ் ஒன்று. பிறகு, ‘பச்சை நிறச் சட்டை, தோளில் வனக்காவலர் பட்டை, மார்பில் எண் வில்லை.’

மெக்கானிக்குக்கு வனக்காவலர் சட்டை எதற்கு?

காவலர் இருக்கையில் உட்காராமல் ஜீப் வாசலைத் தாண்டாது என்று நீங்கள்தான் எழுதினீர்கள். அன்றைக்கு அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தது யார்? உண்மையான காவலரின் பெயர் என்ன? அவர் எங்கே இருந்தார்? அறிக்கையில் அவர் பெயரே இல்லை. ஜீப்பில் இருந்தவர்கள் என்று ஐந்து பேரைச் சொன்ன அறிக்கை ஆறாவது ஆளை விட்டுவிட்டது. குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே இதுவாகத்தான் இருக்கும்.

என் அப்பாவைப் பற்றி எழுதினீர்கள். ஆமாம், கம்பி வைத்தார். பன்றி செத்தது. வனத்துறை வந்தபோது “நாந்தேன் வச்சேன்” என்று சொல்லிக் கையைக் கட்டி நின்றார். பக்கத்துக் காட்டுக்காரன் தலையில் போடவில்லை. அபராதம் விதித்தார்கள், கட்டினார். வருடா வருடம் பன்றி வருகிறது, வருடா வருடம் அழுகிறார். அவர் கஷ்டம் எனக்குத் தெரியும். அதை எடுத்து உங்களுக்கு மறைப்பாகக் கட்டிக்கொள்ளாதீர்கள்.

நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாள். அதற்குள் பதில் வராவிட்டால் என் கையில் இருக்கும் எல்லாக் காகிதத்தையும் ஜாம்பியா வனவிலங்குத் துறைக்கு அனுப்புவேன். எனக்கு ஆங்கிலத்தில் மனு எழுதத் தெரியும். அதுதான் என் வேலை.

பிரிஸ்கில்லா


வேட்டை முகாம்,
24 அக்டோபர் 2024

பிரிஸ்கில்லா,

இதைப் படித்துவிட்டு எரித்துவிடு.

காவலர் பெயர் பண்டா. அன்றைக்கு அவருக்கு மலேரியா, எழுந்திருக்க முடியவில்லை. காவலர் இல்லாவிட்டால் வேட்டையை ரத்து செய்ய வேண்டும், அதுதான் விதி. வந்திருந்த விருந்தாளிக்கு அது கடைசி நாள். பத்து நாளாக அந்த ஆளுக்கு எருமை கிடைக்கவில்லை. பக்கத்துச் சாவடியிலிருந்து வேறு காவலரை வரவழைக்க அரை நாள் ஆகும். நான்தான் பண்டாவின் சட்டையை எடுத்துக்கொடுத்து ஆல்வினை ஏற்றினேன். வழியில் சோதனைச் சாவடியில் தலையை எண்ணுவார்கள், சட்டையைப் பார்ப்பார்கள், விட்டுவிடுவார்கள். அவனும் சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டான். பண்டாவின் துப்பாக்கி பூட்டில் இருந்தது. அதனால் இவன் கையில் எதுவும் இல்லை.

மற்றது வழிகாட்டி பிரி சொல்லித்தான் எனக்குத் தெரியும். பிரி கால்தடம் பார்க்கிறவன், இந்த ஊர்க்காரன். இருட்டப்போகிற நேரம். விருந்தாளி ஜீப்பில் இருந்தபடியே சுட்டிருக்கிறார். அதுவும் கூடாது. குண்டு வயிற்றில் பட்டு எருமை நாணலுக்குள் போய்விட்டது. அடிபட்டதை அப்படியே விட்டுவிட்டு வரக் கூடாது. வேட்டையை நடத்துகிற வெள்ளைக்காரர், காவலர் இடது பக்கம் வரட்டும் என்று கைகாட்டியிருக்கிறார். ஆல்வின் காவலர் இல்லை என்று அவருக்குத் தெரியும். விருந்தாளிக்கு எதிரே அதைச் சொல்ல முடியாதே. ஆல்வின் இறங்கி நடந்தான். அடிபட்ட எருமை நேரே ஓடாது, சுற்றி வந்து பின்னால் நிற்கும். இவனுக்கு அது தெரியாது. பிரி கத்தியிருக்கிறான். திரும்பிப் பார்ப்பதற்குள் முடிந்துவிட்டது.

படம் எடுத்தான் என்று எழுதச் சொன்னது கம்பெனி. கையெழுத்துப் போட்டது நான்.

இப்போது நான் சொல்வதைக் கேள். நீ அந்த மனுவை அனுப்பினால் என்னை மட்டும் பிடிக்க மாட்டார்கள். இந்த வனப்பகுதியின் உரிமத்தையே ரத்து செய்வார்கள். மில் நிற்கும், ஊர்க்காவல் நிற்கும், கம்பி வரும். பிரியின் மனைவி லோயிஸின் அண்ணனை இரண்டு வருடம் முன்பு சோளக்காட்டில் யானை மிதித்துக் கொன்றது. உன்னைப் பற்றி அவளிடம் சொன்னேன். தன் அண்ணன் செத்தபோது எந்தத் தேசத்திலிருந்தும் ஒருவரும் கடிதம் போட்டுக் கேட்கவில்லையே என்றாள். ஒரு செத்த மனிதனின் பேருக்காக உயிரோடு இருக்கிற ஒரு ஊரைப் பட்டினி போடப்போகிறாயா?

அனுப்பினால், இந்தக் கடிதத்தை நான் எழுதவே இல்லை என்பேன்.

ஸ்தனிஸ்லாஸ்


தாடிக்கொம்பு,
16 நவம்பர் 2024

எரிக்கவில்லை. மூன்று நகல் எடுத்தாயிற்று. எழுதவில்லை என்று நீங்கள் சொல்லலாம். உங்கள் கையெழுத்தை அடையாளம் காட்ட சேவுகம்பட்டி அத்தை முதல் பாதிரியார் வரை நாற்பது பேர் இருக்கிறார்கள்.

கடிதம் வந்தது கல்லறைத் திருநாளுக்கு முந்திய நாள். மறுநாள் மெழுகுவர்த்தி கொளுத்தும்போது பக்கத்தில் உங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் நின்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால் அவருக்காக ஜெபம் செய்ய வந்தவர்கள் உங்களைத் திட்டிக்கொண்டு போயிருப்பார்கள்.

அந்த ஊருக்கு வேட்டை நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. நான் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், நல்லது என்கிறீர்கள். நல்லது என்றால் உண்மையைச் சொன்ன பிறகும் அது நல்லதாகவே இருக்க வேண்டும். பொய்யை முட்டுக்கொடுத்துத்தான் நிற்கும் என்றால், அது விழுவதற்கு நான் காரணம் இல்லை. சிங்கத்துக்கு வயது பார்க்கிறீர்கள், எருமையை எண்ணுகிறீர்கள். ஜீப்பில் ஏறிய மனிதன் யார் என்று பார்க்க மட்டும் உங்கள் விதியில் ஆள் இல்லை.

லோயிஸ் கேட்டது என்னைச் சுட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவளைக் காட்டி என்னை மிரட்டுகிறீர்களே, உண்மையில் அவளைப் பட்டினி போடுவது யார்? சட்டையை எடுத்துக்கொடுத்தது நானா?

இப்போது நான் மனு அனுப்பப்போவதில்லை. நீங்களே போய்ச் சொல்ல வேண்டும். ஜனவரி முடிய நேரம் தருகிறேன். அதற்கு மேல் என் கையில் இல்லை, தபால்காரர் கையில்.

பிரிஸ்கில்லா


மிஷன் விடுதி, ஜாம்பியா,
20 பிப்ரவரி 2025

பிரிஸ்கில்லாவுக்கு,

ஜனவரி பதின்மூன்றாம் தேதி போய்ச் சொன்னேன். நான்கு மணி நேரம் எழுதிக்கொண்டார்கள். திருத்திய அறிக்கையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். முத்திரையும் இருக்கிறது, பார்த்துக்கொள். ஆல்வின் படம் எடுக்கப் போகவில்லை, உத்தரவின்படி நடந்தான் என்று அதில் இருக்கிறது. உனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது.

எனக்குக் கிடைத்ததைச் சொல்கிறேன். கம்பெனி அன்றைக்கே என்னை வெளியே அனுப்பியது. இந்த வருட உரிமம் நிறுத்தப்பட்டது. விசாரணை முடியும்வரை பாஸ்போர்ட் அவர்களிடம். அந்த வெள்ளைக்காரர் கிறிஸ்துமஸுக்கு முன்பே வேறு நாட்டுக்குப் போய், அங்கேயும் இதே வேலை செய்கிறாராம். அவரை யாரும் கேட்கவில்லை.

ஊர்க்காவலில் பதினொரு பேர் இருந்தார்கள், இப்போது மூன்று பேர். அவர்களும் சம்பளம் இல்லாமல் எத்தனை நாள் நடப்பார்கள்? போன வாரம் அவர்களோடு நானும் போனேன். ஒரு காலை நேரத்தில் இருபத்தேழு சுருக்குக் கம்பி அவிழ்த்தோம். கடைசியில் ஒரு பெண் சிங்கம் கிடந்தது. கழுத்தில் கம்பி எலும்பு வரைக்கும் இறங்கியிருந்தது. பால் கட்டியிருந்தது. குட்டிகளைத் தேடினோம், கிடைக்கவில்லை. கம்பி வைத்தவன் யார் என்று எல்லாருக்கும் தெரியும். முன்பு எங்கள் முகாமில் கறி சுமந்தவன். எருமைக்கு வைத்தேன், சிங்கம் மாட்டினால் நான் என்ன செய்ய என்கிறான். பிரி என்னோடு பேசுவதில்லை. லோயிஸ் வீட்டில் மாவு கேட்டேன், கதவைச் சாத்திவிட்டாள். அவளைக் குற்றம் சொல்லவில்லை.

இன்னொன்று. வெளிநாட்டு அமைப்பு ஒன்று இணையத்தில் ஆல்வின் படத்தைப் போட்டு, வேட்டைக்குப் பலியான இந்தியர், இந்தத் தொழிலைத் தடை செய்யுங்கள் என்று எழுதியிருக்கிறது. கழுத்தில் ஜெபமாலையோடு இருக்கிற படம். அது உன்னிடம்தான் இருந்தது. புருஷன் பேரைக் காப்பாற்றுகிறேன் என்று ஆரம்பித்து, கடைசியில் அவன் முகத்தைச் சுவரொட்டிக்குக் கொடுத்துவிட்டாய். இதற்கு எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

ஸ்தனிஸ்லாஸ்


தாடிக்கொம்பு,
4 மே 2025

திரு. ஸ்தனிஸ்லாஸ் அவர்களுக்கு,

அந்தப் படத்தை நான் கொடுக்கவில்லை. முப்பதாம் நாள் பூசைக்கு அடித்த நினைவு அட்டையில் இருந்தது, யாரோ முகநூலில் போட்டிருந்தார்கள், அங்கிருந்து எடுத்திருக்கிறார்கள். கேட்காமல் குற்றம் சாட்டுவது உங்களுக்குப் பழகிப்போயிற்று.

அந்த அமைப்பிலிருந்து ஒரு பெண் மார்ச்சில் போன் செய்தாள். மரியாதையாகத்தான் பேசினாள். வீடியோவில் அழுதுகொண்டே, வேட்டையை உலகம் முழுக்கத் தடை செய்யுங்கள் என்று நான் சொல்ல வேண்டுமாம். தடை செய்த பிறகு லோயிஸின் சோளக்காட்டுக்கு யானை வந்தால் யார் விரட்டுவது என்று கேட்டேன். அதைப் பற்றி ஆய்வு செய்துகொண்டிருக்கிறோம் என்றாள். செய்து முடித்துவிட்டுப் பேசுங்கள், இப்போது படத்தை எடுங்கள் என்றேன். மூன்று கடிதம் எழுதிய பிறகு எடுத்தார்கள். இதை வைத்து நான் உங்கள் பக்கம் வந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். அந்தச் சிங்கத்தைப் பற்றிப் படித்த அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. ஆனாலும் நான் உங்களைப் போகச் சொன்னது தப்பு என்று தோன்றவில்லை. போன் செய்த அந்தப் பெண்ணுக்கும் அது புரியாது, உங்களுக்கும் புரியாது.

திருத்திய அறிக்கையை நானே தமிழில் தட்டச்சு செய்தேன். ஈஸ்டர் முடிந்து உங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரையும் வீட்டுக்கு வரச் சொல்லி, அடக்கத்தன்று செல்ஃபி என்று சொன்னவரையே வாசிக்க வைத்தேன். பாதியில் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டார். மீதியை ஜெனிட்டா வாங்கி வாசித்தாள்.

வாசித்து முடித்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். ‘ஆல்வின் தன் முழுச் சம்மதத்துடன் சட்டையை அணிந்தார்’ என்று அதில் ஒரு வரி இருக்கிறது. எனக்கு எழுதிய கடிதத்திலும் சிரித்துக்கொண்டே மாட்டிக்கொண்டான் என்று எழுதியிருந்தீர்கள். “அப்பாவா ஆசப்பட்டுப் போட்டாங்க, இல்ல பெரியப்பா போடச் சொன்னாங்களா?” என்றாள். எனக்குத் தெரியாது என்றேன். “பெரியப்பாவக் கேளுங்க” என்றாள். அன்றிலிருந்து தினமும் கேட்கிறாள், பதில் வந்துச்சா என்று.

நான் அவரோடு பதினாறு வருடம் குடும்பம் நடத்தியவள். மற்றவர் சட்டையைப் போடுகிறவர் இல்லை அவர். இருந்தாலும் நான் சாட்சி இல்லை. நீங்கள்தான் சாட்சி.

பதில் எழுதுங்கள். இங்கே வந்தால், என் வீட்டுக்குள் வர வேண்டாம்.

பிரிஸ்கில்லா


மிஷன் விடுதி,
11 ஜூன் 2025

பிரிஸ்கில்லா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. நான்கு முறை எழுதிக் கிழித்தேன்.

அவன் சிரிக்கவில்லை. அதிகாரிகளிடமும் அந்த ஓர் இடத்தில் பொய்தான் சொன்னேன். மற்றதெல்லாம் சொன்ன பிறகு அதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை.

காலையில் வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தான். சட்டையைக் கொண்டுபோய் நீட்டினேன். எழுந்து கையைத் துடைத்தான், ஆனால் வாங்கவில்லை. “வேணாம்ண்ணே. எனக்குத் துப்பாக்கியே பிடிக்கத் தெரியாது. அந்தாளுக்கு ஒரு எருமை கெடைக்காட்டி என்னண்ணே, போகட்டும்” என்றான். இதே வார்த்தை. நான், “ஏலே, ஒரு பொழுதுதான். அண்ணன் சொல்றேன்ல, ஏறு” என்றேன். சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டான். சின்ன வயதிலிருந்து நான் ஏறு என்றால் ஏறுவான். ஜாம்பியாவுக்கும் அப்படித்தான் வந்தான்.

இந்த ஊருக்காகத்தான் எல்லாவற்றையும் மறைத்தேன் என்று உனக்கு எழுதினேன். பாதி உண்மை. ஊருக்காக என்றால் பண்டாவின் காய்ச்சலைச் சொல்லி அன்றைக்கே வண்டியை நிறுத்தியிருப்பேன். ஒரு நாள் வேட்டை நின்றால் ஊர் செத்துப்போகாது. மேலாளர் என்ற என் பேருக்குத்தான் கெடுதல் வந்திருக்கும்.

நேற்று அதிகாரியிடம் போய் அந்த வரியையும் மாற்றச் சொன்னேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டார். பாஸ்போர்ட் கொடுத்துவிட்டார்கள். அடுத்த வருடம் வேறு கம்பெனிக்கு உரிமம் கொடுக்கலாம் என்று பேச்சு இருக்கிறது. காவலரைத் தாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கிராமச் சபை கேட்கிறதாம். பிரி சொன்னான். ஐந்து மாதத்தில் அவன் என்னிடம் பேசியது அது ஒன்றுதான்.

ஜூன் இருபத்தைந்தாம் தேதி மதுரை வந்து, அங்கிருந்து பஸ்ஸில் வருகிறேன். உன் வீட்டுக்குள் வர மாட்டேன். ஜெனிட்டாவை வாசலுக்கு அனுப்பு. தெருவில் நின்று, யார் கேட்டாலும் கேட்கட்டும், அவளிடம் நானே சொல்கிறேன். அவள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். கேட்கத் தெரியாததையும் சொல்கிறேன்.

ஸ்தனிஸ்லாஸ்